துறவியின் கையில் ஒரு கேமரா

படம் எடுப்பது, படம் பிடிப்பது என்று தமிழில் இரண்டு வழக்குகள் உண்டு. இரண்டும் கையின் வேலையைச் சொல்லும் வினைகள். எதிரே இருப்பதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வதாகவோ, நழுவிப் போகவிருப்பதைப் பிடித்து வைப்பதாகவோதான் பேச்சுவழக்கு இந்தச் செயலைப் புரிந்துவைத்திருக்கிறது. பார்ப்பது கண்ணின் வேலை. கேமராவோ கண்ணையும் கையையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. பற்றை விடுவதையே வாழ்வாகக் கொண்ட ஒருவர் இப்படிப்பட்ட கருவியைக் கையில் வாங்கினால், அவருடைய பார்வை என்ன ஆகும்? அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள கெத்சமனி மடத்தின் துறவி தாமஸ் மெர்ட்டனின் வாழ்வில் இந்தக் கேள்வி உண்மையாகவே எழுந்தது. ஐம்பதை நெருங்கிய வயதில் அவர் புகைப்படம் எடுக்கப் பழகத் தொடங்கினார்.

மெர்ட்டன் 1915 ஜனவரி 31 அன்று தென் பிரான்சில் பிராட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஓவன் மெர்ட்டன் நியூசிலாந்திலிருந்து வந்த ஓவியர். தாய் ரூத் ஜென்கின்ஸும் ஓவியம் பயின்றவர். ஆறு வயதில் தாயும், பதினாறு நிறைவதற்குச் சில நாட்கள் முன்பு தந்தையும் இறந்துபோனார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அவர் 1938-ல் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்று, 1941 டிசம்பர் 10 அன்று கெத்சமனியில் சேர்ந்தார். 1948-ல் வெளியான அவருடைய தன்வரலாறு அவரை உலகறிந்த எழுத்தாளர் ஆக்கியது. அதன்பின் இருபது ஆண்டுகள் அவருடைய பேனா ஓயவில்லை. எழுத்தில் அவர் கைதேர்ந்தவர், கேமராவிலோ கடைசிவரை கற்றுக்குட்டி. பிலிம் கழுவுவதையும் பிரிண்ட் போடுவதையும் நண்பர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். இந்த வேறுபாடு இக்கட்டுரைக்கு முக்கியமானது.

கெத்சமனி மடம் சிஸ்டர்சியன் சபையின் கடுந்தவப் பிரிவான டிராப்பிஸ்ட்டுகளுக்கு உரியது. 1098-ல் பிரான்சின் சித்தோவில் தொடங்கிய அந்தச் சபை உருவங்களைச் சந்தேகத்தோடு பார்த்த சபை. அந்தச் சபையின் துறவியான புனித பெர்நார்து 1125-ஐ ஒட்டி எழுதிய ஒரு மடலில், மடத்து முற்றங்களின் தூண்களில் செதுக்கப்பட்ட குரங்குகளையும் சிங்கங்களையும் விசித்திர உடல் கொண்ட விலங்குகளையும் கடிந்துகொண்டார். படிப்பறிவில்லாத மக்களுக்குச் சிலைகளும் ஓவியங்களும் தேவைப்படலாம். கண்ணுக்கு இனியதையெல்லாம் விட்டுவந்த துறவிக்கு அவை எதற்கு என்பது அவர் கேள்வி. ஆரம்பகாலச் சிஸ்டர்சியன் விதிகள் மடங்களில் சிற்பத்தையும் ஓவியத்தையும் விலக்கின. சன்னல் கண்ணாடி நிறமற்றதாக இருக்க வேண்டும் என்றன. சிலுவை மட்டுமே விதிவிலக்கு. இதன் வேர் விடுதலைப் பயண நூலின் 20-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. விண்ணிலும் மண்ணிலும் உள்ள எதற்கும் உருவம் செய்யாதே என்ற கட்டளை அங்கேதான் வருகிறது. 787-ல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் திருவுருவங்களை வணக்கத்துக்கு உரியவை என்று ஏற்றுக்கொண்டது. ஆயினும் அந்தப் பழைய அச்சம் மடங்களை விட்டு முழுதாக அகலவில்லை.

உருவத்தின் மீதான ஐயத்தோடு கண்ணின் மீதான ஐயமும் சேர்ந்தே வந்தது. துறவு மரபில் அதைக் கண்ணடக்கம் என்பார்கள். நடக்கையில் பார்வை தரையில் இருக்க வேண்டும். யார் வருகிறார், என்ன நடக்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பது ஆசைக்குக் கதவு திறப்பது. இருபதாண்டுக்கு மேல் இந்தப் பயிற்சியில் ஊறிய ஒருவர் கேமராவின் கண்ணாடிக்குள் ஒற்றைக் கண்ணை வைத்து, வேண்டியதைத் தேடிப் பார்க்கத் தொடங்குகிறார் என்றால், ஒன்று அவர் தன் பயிற்சியைக் கைவிடுகிறார், இல்லையென்றால் கண்ணடக்கத்துக்கே இன்னொரு பொருள் இருப்பதைக் கண்டுகொள்கிறார். மெர்ட்டனின் படங்களைப் பார்ப்பவருக்கு இரண்டாவதே சரி என்று படும். தரையைப் பார்த்து நடந்த பழக்கம் அந்தப் படங்களில் அப்படியே இருக்கிறது. மரத்தின் வேர்முடிச்சுகள், வெட்டி விட்ட அடிமரம், கூடை, மழையில் வெளிறிய பலகைச் சுவர், நாற்காலியும் அதன் நிழலும், பெயின்ட் டப்பா என்று தலை குனிந்து நடப்பவன் கண்ணில் படுகிற பொருள்களே பெரும்பாலும் அவற்றில் இருக்கின்றன. பரந்த நிலக்காட்சியும் சூரிய அத்தமனமும் அரிது.

எளிய பரப்புகளின் மீதான இந்தக் கவனம் முன்பே அவரிடம் இருந்தது. 1962-ன் தொடக்கத்தில் அவர் கென்டக்கியின் பிளெசன்ட் ஹில்லுக்குப் போனார். ஷேக்கர் என்ற மணமறுப்புச் சபையினர் கட்டிவிட்டுப் போன ஊர் அது. ஆளற்ற அந்த மரவீடுகளின் வெற்றுப் பக்கச்சுவர் ஒன்று எப்படி இவ்வளவு அழகாக இருக்க முடியும் என்ற வியப்பை அவர் நாட்குறிப்பில் எழுதினார். ஷேக்கர்களின் நாற்காலிகளைப் பற்றிப் பிற்பாடு விரிவாகவும் எழுதினார். தேவையில்லாத எதையும் சேர்க்காமல், செய்யும் வேலையில் முழு மனத்தையும் வைத்தால், நாற்காலிகூட வழிபாட்டின் பகுதியாகும் என்பது ஷேக்கர்களின் வழி. புனித பெர்நார்து உருவங்களை அகற்றிவிட்டு எஞ்சவைத்ததும் இதே வெறுமையைத்தான்: கல், சுண்ணாம்புச் சுவர், அதன்மேல் விழும் வெளிச்சம். உருவத்தை விலக்கிய மரபு சுவரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. மெர்ட்டனின் கேமரா அந்த மரபுக்கு எதிராகக் கிளம்பியது என்று சொல்வதைவிட, அதன் வெள்ளைச் சுவரிலேயே பாடம் படித்தது என்று சொல்வதுதான் பொருத்தம்.

1964 இலையுதிர்காலத்தில் கேமரா ஒன்று அவர் கைக்கு வந்தது. ஜென் நூலைப் படிக்க உட்கார்ந்தவர் அதை வைத்துவிட்டு, விறகுக் கொட்டகையின் பழைய சன்னலை எடுக்கலாமே, இதை எடுக்கலாமே என்று அலைந்ததை நாட்குறிப்பு சொல்கிறது. கேமராவின் பின்மூடி பூட்டாமல் தகராறு செய்தது, பழுதுபார்க்கக் கொடுத்தார். அது திரும்பி வந்த நாளில், பிரிந்துபோன காதலி திரும்பியதைப் போல அதனிடமே கொஞ்சிப் பேசி எழுதியிருக்கிறார். புதிதாகப் படம் எடுக்கப் பழகும் எவருக்கும் இந்த நிலை தெரியும். உலகம் முழுதும் சட்டென்று படமாகத் தோன்றத் தொடங்கும். நேற்றுவரை கவனிக்காத வாசற்படி இன்று நிறுத்திவைக்கும். இதில் உண்மையான விழிப்பும் இருக்கிறது, கூடவே ஒரு பசியும் இருக்கிறது. தொடக்கத்தில் எது எதுவென்று பிரித்தறிய முடியாது.

பசி என்ற சொல் இங்கே தற்செயலாக வரவில்லை. ‘கண்ணாலேயே தின்றுவிடுவான் போலப் பார்க்கிறான்’ என்று ஊரில் சொல்வார்கள். அழகைக் கண்ணால் பருகுவது என்பது பழைய வழக்கு. பார்வைக்குள் உண்ணும் ஆசை ஒளிந்திருப்பதை மொழி அறிந்திருக்கிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய் (1909–1943) மனித வாழ்வின் பெருந்துயரமாகவே இதைக் கண்டார். பார்ப்பதும் உண்பதும் இரண்டு தனித்தனிச் செயல்கள். அழகானதை உண்ண நினைக்கிறோம், உண்டால் அது அழிந்துவிடுகிறது, ஆகவே தொலைவில் நின்று பார்ப்பதொன்றே வழி என்பது அவர் சிந்தனையின் சாரம். அதை விளக்க அவர் உபநிடதத்தின் இரு பறவைகளை எடுத்துக்கொண்டார். முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரு பறவைகள் அமர்ந்திருக்கின்றன. ஒன்று பழத்தைத் தின்கிறது, மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. கேமராவைத் தூக்கும் கணத்தில் இந்த இரண்டு பறவைகளில் எது விழித்துக்கொள்கிறது என்பதே இங்கு உள்ள கேள்வி. வெய் கவனத்தையும் செபத்தையும் பிரித்துப் பார்க்காதவர். எதையும் எதிர்பாராமல் முழுமையாகக் கவனிப்பதே செபம் என்று அவர் கருதினார். மெர்ட்டன் அவருடைய எழுத்தை அறிந்தவர்.

தின்னும் பறவையின் பக்கமே வலுவானது என்று வாதிட இடமிருக்கிறது. 1977-ல் வந்த புகைப்படம் பற்றிய நூலில் சூசன் சொன்டாக், படம் எடுப்பது எதிரே உள்ளதைத் தனதாக்கிக்கொள்ளும் செயல் என்று வாதிட்டார். சுற்றுலாப் பயணி ஒவ்வோர் இடத்திலும் நின்று, எடுத்து, நகர்வதைப் பார்த்த எவரும் இதை மறுக்கமாட்டார். அங்கே படம் பார்வைக்குப் பதிலாக வந்து நிற்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் அங்கே பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். கோயிலுக்குள் இது இன்னும் வேதனையானது. தரிசனத்துக்கு வந்தவர் தெய்வத்தைக் காண்பதோடு தெய்வத்தால் காணப்படவும் வருகிறார். முகத்துக்கு முன்னால் கருவியைப் பிடித்தவர் அந்த இரண்டாவது பாதிக்குக் கதவைச் சாத்திவிடுகிறார். ஆகவே கேமரா தியானத்துக்குத் துணை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. யார் கையில், எந்த நிலையில் என்று கேட்டாக வேண்டும்.

மெர்ட்டனின் நிலை சில வகைகளில் தனியானது. முதலாவது, அவரிடம் சொந்தமென்று எதுவும் இல்லை. புனித ஆசீர்வாதப்பரின் விதிநூல் 33-ஆம் அதிகாரத்தில் துறவிக்குப் புத்தகமோ எழுதுகோலோகூடச் சொந்தமாக இருக்கக் கூடாது என்கிறது. அவர் பின்னாளில் பயன்படுத்திய கேனான் எஃப்எக்ஸ் கேமரா ஜான் ஹோவர்ட் கிரிஃபின் கடனாகக் கொடுத்தது. கிரிஃபினின் கதையே பார்வையைப் பற்றிய ஒரு பாடம். இரண்டாம் உலகப் போரில் பட்ட காயத்தால் சுமார் பத்தாண்டுகள் பார்வையிழந்திருந்து, 1957-ல் அதைத் திரும்பப் பெற்றவர் அவர். பிறகு தன் தோலைக் கருமையாக்கிக்கொண்டு அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவராக நடமாடி, அங்கே கண்டதை 1961-ல் நூலாக வெளியிட்டார். இருளில் பத்தாண்டுகள் இருந்துவிட்டு வந்தவர் புகைப்படக்காரர் ஆனார். தன் கேமராவை ஒரு துறவிக்குக் கொடுத்து, அவர் எடுத்த பிலிம்களைக் கழுவியும் கொடுத்தார்.

இரண்டாவது, படத்தால் மெர்ட்டனுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. விற்க வேண்டியதில்லை, போட்டிக்கு அனுப்ப வேண்டியதில்லை. கழுவிய பிலிமின் கான்டாக்ட் ஷீட்டுகளைக் கிரிஃபின் அனுப்புவார். எதைப் பெரிதாக்க வேண்டும் என்று மெர்ட்டன் குறித்துத் திருப்புவார். அந்தத் தேர்வுகள் பழகிய கண்ணுக்குப் பலமுறை புதிராக இருந்தன என்று கிரிஃபின் பதிவு செய்திருக்கிறார். அவர் சிறந்தது என்று நினைத்தவற்றை மெர்ட்டன் விட்டுவிடுவார். ஏன் இது என்று கேட்கத் தோன்றும் ஒன்றைக் குறித்திருப்பார். பொருளை நகர்த்தி வைத்து அழகுபடுத்துவது அவர் பழக்கமில்லை. கிடந்தது கிடந்தபடி இருக்க வேண்டும், வெளிச்சம் தானாக வந்து விழ வேண்டும். வரையறை தெரியாத கற்றுக்குட்டியின் தவறு என்று இதை ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்குவது அவசரம். அவர் தேடியது நல்ல படத்தை அல்ல என்றால், நல்ல படத்தின் இலக்கணத்தைக் கொண்டு அந்தத் தேர்வை அளப்பது எப்படிப் பொருந்தும்?

ஜென் பௌத்தத்தின் தொடர்பு இங்கே வருகிறது. மெர்ட்டன் ஜப்பானிய அறிஞர் டி. டி. சுசுகியோடு நீண்ட கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1964-ல் நியூயார்க்கில் அவரைச் சந்தித்தார். மரவேரை மரவேராகவே பார்ப்பது, அதன்மேல் ஒரு கருத்தையும் ஏற்றாமல் இருப்பது என்ற பயிற்சி அவருக்கு ஜென் வழியாக வந்தது. கிறித்தவ மரபில் அதற்கு இணை இல்லாமல் இல்லை. படைப்பு ஒவ்வொன்றும் தான் தானாக இருப்பதாலேயே படைத்தவரைப் புகழ்கிறது என்பது மெர்ட்டன் திரும்பத் திரும்பச் சொன்னது. மரம் மரமாக இருப்பதே அதன் துதி. அப்படியானால் மரத்தைச் சின்னமாக மாற்றி, சிலுவையாகவோ வாழ்க்கைப் பயணமாகவோ காட்டுகிற படம் அந்தத் துதியைக் கலைக்கிறது. சமயப் புகைப்படம் என்றால் மெழுகுவர்த்தியும் கூப்பிய கைகளும் என்று எண்ணுவோருக்கு அவருடைய படங்கள் வெறுமையாகத் தெரியும். அவற்றில் சமயம் எங்கே என்றுகூடக் கேட்பார்கள். வெளிச்சம் படும் கூடைதான் விடை.

கென்டக்கியிலேயே அவருக்கு இன்னொரு கூட்டாளி கிடைத்தார். லெக்சிங்டன் நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ரால்ஃப் யூஜீன் மீட்யார்ட் (1925–1972), 1950-ல் தன் முதல் குழந்தையைப் படம் எடுப்பதற்காகக் கேமரா வாங்கியவர். பொழுதுபோக்காகத் தொடங்கியது வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. ஆனாலும் பிழைப்பு கண்ணாடிக் கடையில்தான். வார இறுதிகளில் குடும்பத்தோடு போய்ப் படம் எடுப்பார். 1956-ல் இந்தியானாவில் நடந்த பயிலரங்கு ஒன்றில் மைனர் வைட் என்ற புகைப்படக் கலைஞரிடமிருந்து ஜென் பற்றிய ஆர்வம் அவரைத் தொற்றிக்கொண்டது. 1967 ஜனவரியில் கெத்சமனிக்கு வந்தார். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் மெர்ட்டனை நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். பகலெல்லாம் மற்றவர்களின் பார்வையைத் தெளிவாக்கும் வேலையில் இருந்தவர், தன் படங்களில் ஒரு தொகுதி முழுவதையும் வேண்டுமென்றே ஃபோகஸ் இல்லாமல் எடுத்தார். தெளிவாகத் தெரிவதே உண்மை என்ற எண்ணத்தை இதைவிட நேராகக் கேள்வி கேட்க முடியாது. கண் எப்போதும் பெயரைத் தேடுகிறது. இது மரம், இது ஆள் என்று பெயர் வைத்தவுடன் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. ஃபோகஸ் கலைந்த படத்தில் பெயர் வைக்க இடம் கிடைக்காததால் கண் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டுச் சைவர்களும் சிரியப் பாலைவனத் துறவிகளும் இறை பெயரும் உருவும் கடந்தது என்று வேறு வேறு வழியில் சொன்னதன் மிகச் சிறிய, மிக எளிய பயிற்சியாக இதைக் கொள்ளலாம்.

கேமராவின் அமைப்பிலேயும் யோசிக்க ஒன்று இருக்கிறது. கேனான் எஃப்எக்ஸ் ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் வகை. லென்ஸ் வழியாக வரும் ஒளியை உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடி மேலே திருப்பி, கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி மேலெழுந்து வழிவிடுகிறது. ஷட்டர் திறக்கிறது, ஒளி பிலிமில் விழுகிறது. அந்த நொடித் துணுக்கில் எடுப்பவரின் கண்முன்னே இருட்டு. அதாவது படத்தில் பதிவாகும் கணத்தை எடுப்பவர் பார்ப்பதில்லை. அதற்கு முந்தியதையும் பிந்தியதையும் பார்க்கிறார். பதிந்தது மட்டும் அவர் காணாதது. அப்படிப் பதிந்ததும் உடனே தெரிவதில்லை. பிலிமில் விழுந்த ஒளி கண்ணுக்குப் புலப்படாத மறைபடிமமாக, கழுவும்வரை அப்படியே காத்திருக்கிறது. மெர்ட்டனின் பிலிம் டெக்சாசில் இருந்த கிரிஃபினுக்குத் தபாலில் போய்த் திரும்ப நாளாகும். தான் காணாத ஒரு கணத்தை, தன் கையால் கழுவாத ஒரு பிலிமில், பல நாள் கழித்து இன்னொருவர் அனுப்பப் பெற்றுக்கொள்கிறவரைப் ‘பிடித்தவர்’ என்று எப்படிச் சொல்வது? கொடுக்கப்பட்டதை வாங்கிக்கொண்டவர் என்பதே நெருங்கிய சொல்.

இந்த இடத்தில் சைவ சித்தாந்தத்தின் ஓர் உவமை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. மெய்கண்டாரின் சிவஞான போதம் பதினோராம் சூத்திரத்தில் கண்ணையும் உயிரையும் ஒப்பிடுகிறது. கண் காண்கிறது என்கிறோம். ஆனால் கண்ணுக்குப் பொருளைக் காட்டி, உடன் நின்று காண்பது உயிர். அதுபோல உயிருக்குக் காட்டி, உடன் நின்று காண்பது இறை. காட்சி ஒருவருடைய தனிச்சொத்து ஆகாது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன மரபு வேறு உண்டா என்பது தெரியாது. மெர்ட்டன் இதைப் படித்ததாகச் சான்று இல்லை, படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

1968 மெர்ட்டன் அதிகம் பயணம் செய்த ஆண்டு. மே மாதம் கலிஃபோர்னியாவின் செம்மரக் காடுகளுக்கு நடுவே உள்ள கன்னியர் மடத்துக்கும், நியூ மெக்சிகோ பாலையில் உள்ள ஒரு மடத்துக்கும் போனார். அக்டோபரில் ஆசியாவுக்குப் புறப்பட்டார். கல்கத்தாவில் சமயங்களுக்கிடையிலான மாநாடு, தரம்சாலாவில் தலாய் லாமாவுடன் மூன்று சந்திப்புகள், பிறகு டார்ஜிலிங். அங்கே தேயிலைத் தோட்டம் ஒன்றில் தங்கித் தனிமைத் தியானத்தில் இருந்தபோது கஞ்சன்ஜங்கா மலையோடு அவருக்கு ஒரு பிணக்கு ஏற்பட்டது. எங்கே திரும்பினாலும் அஞ்சலட்டைப் படம் போல அது நின்றது. அவருக்குச் சலிப்பு தட்டியது. ஆயினும் அதைப் படம் எடுத்தார். எடுத்துவிட்டு, கேமராவுக்குத் தான் எடுப்பது என்னவென்று தெரியாது, படத்திலிருந்து மனிதன் திரும்பக் கட்டிக்கொள்வது கண்டதை அல்ல, கண்டதாக எண்ணியதையே என்ற பொருளில் நாட்குறிப்பில் யோசித்தார். மலைக்கு எவரும் படம் எடுக்காத மறுபக்கம் ஒன்று உண்டு என்று கனவில் உணர்ந்ததையும் எழுதினார். தின்னும் பறவை தன்னிடமும் இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. பிணக்கு தீர்ந்தது மலையை நன்றாகப் பிடித்ததால் அல்ல. பிடிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டதால்தான்.

அவர் எடுத்தவற்றுள் ஒரு படம் இந்தச் சிந்தனையின் ஓரத்தில் நிற்கிறது. வானத்தின் முன் ஒரு பெரிய இரும்புக் கொக்கி தொங்குகிறது. மேலே எதில் மாட்டியிருக்கிறது என்று படத்தில் தெரியாது. கடவுளின் ஒரே புகைப்படம் என்று அதற்கு அவர் பெயர் வைத்தார். விளையாட்டான பெயர்தான், ஆனால் பின்னால் இருக்கும் இறையியல் பழையது. இறைவனைச் சொல்லாலும் உருவாலும் காட்ட முடியாது, இன்னதல்ல இன்னதல்ல என்று விலக்கித்தான் அணுக முடியும் என்பது கிழக்கத்தியத் திருச்சபைத் தந்தையர் வழியாக மெர்ட்டன் ஏற்றுக்கொண்ட மரபு. அந்த மரபில் நிற்கும் ஒருவர் இறைவனைப் படம் எடுத்தால், படத்தில் இருப்பது தாங்கும் கொக்கியாக மட்டுமே இருக்கும். தாங்குவது சட்டகத்துக்கு வெளியே.

நவம்பர் கடைசியில் மெர்ட்டன் சென்னைக்கு வந்து, மகாபலிபுரம் போய்விட்டு, இலங்கைக்குச் சென்றார். டிசம்பர் முதல் வாரத்தில் பொலன்னறுவையின் கல் விகாரைக்குப் போனார். 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு காலத்தில் ஒரே பாறைமுகத்தில் செதுக்கிய புத்தர் உருவங்கள் அங்கே இருக்கின்றன. நிற்கும் உருவம் ஏறத்தாழ 7 மீட்டர் உயரம், சயனித்திருப்பது 14 மீட்டர் நீளம். உடன் வந்த கத்தோலிக்கக் குருவுக்குப் பிற சமய உருவங்களை நெருங்க மனமில்லை; பின்தங்கிவிட்டார். மெர்ட்டன் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரப் புல்லிலும் மணலிலும் வெறுங்காலோடு தனியாக நடந்து உருவங்களிடம் போனார். பழகிப்போன பார்வை சட்டென்று கழன்றதாகவும், இன்னதென்று தெரியாமலே தேடிவந்தது கிடைத்துவிட்டதாகவும் பிறகு எழுதினார். உருவத்தை ஐயுற்ற சபையின் துறவிக்கு, பௌத்தக் கல்லுருவம் ஒன்றின் முன்னால் அது நேர்ந்தது.

அங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த அனுபவத்தை எழுத அவர் தயங்கினார். உடனே எழுதவில்லை. சில நாள் கழித்து எழுதியபோதும், அவசரப்பட்டு எழுத முடியாது, போதுமான அளவு எழுதவே முடியாது என்று ஒப்புக்கொண்டார். விருந்தொன்றில் பேசியே அதைக் கெடுத்துவிட்டோமோ என்றும் வருந்தினார். ஆனால் படம் எடுக்க அவர் தயங்கவில்லை. சிலைகளின் முன்னால் நின்றே எடுத்தார். இருபதாண்டு எழுதிய கைக்குச் சொல்தான் பிடிக்கும் கருவி. எந்த அனுபவத்தையும் வாக்கியமாக்கத் தெரிந்தவருக்கு, வாக்கியமே அனுபவத்தைத் தின்னும் பறவையாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அதை அவர் தெரிந்தே வைத்திருந்தார். கேமராவில் அவருக்கு அந்தத் தேர்ச்சி இல்லை. அதனால் அதில் அவருக்குக் காட்டிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. சொல்லில் கையாக இருந்தவர் கேமராவில் வெறும் கண்ணாக இருக்க முடிந்தது, அவர் அதில் கற்றுக்குட்டியாகவே இருந்ததால். துறவிக்குக் கேமரா பகையா துணையா என்ற கேள்விக்கு அவருடைய வாழ்வு தரும் விடை இந்தத் தேர்ச்சியின்மையில்தான் அடங்கியிருக்கிறது. இன்னும் பத்தாண்டு எடுத்துத் தேர்ந்திருந்தால், பேனாவோடு இருந்த போராட்டம் கேமராவோடும் வந்திருக்கக்கூடும்.

பொலன்னறுவைப் படங்கள் கருப்பு வெள்ளையில் அமைதியாக இருக்கின்றன. புத்தரின் முகம், பாறையின் வரிகள், மேலே விழும் ஒளி. அங்கு நடந்தது அவற்றில் இல்லை. இருக்கும் என்று எடுத்தவர் எண்ணியதாகவும் தெரியவில்லை. 1968 டிசம்பர் 10 அன்று, மடத்தில் சேர்ந்து சரியாக 27 ஆண்டு நிறைந்த நாளில், பாங்காக் அருகே நடந்த துறவியர் கூட்டத்தின்போது மெர்ட்டன் இறந்தார். அதற்கு ஒரு வாரம் முன்பு கல் விகாரையில் எடுத்த படங்களின் அச்சுகள் அவர் கைக்கு வந்திருக்க வழியில்லை. கிரிஃபின் 1970-ல் மெர்ட்டனின் படங்களைத் தன் படங்களோடு சேர்த்து நூலாக வெளியிட்டார். 1973-ல் வெளியான ஆசிய நாட்குறிப்பில் பொலன்னறுவைப் படங்களும் இடம்பெற்றன. மூலப்படங்கள் இன்று லூயிவில் நகரின் பெல்லர்மின் பல்கலைக்கழகத்தில் உள்ள மெர்ட்டன் மையத்தில் இருக்கின்றன.